அரிஸ்டாட்டில் வழியில் ஒரு பேச்சைத் தயாரிப்பது: முழுமையான வழிகாட்டி

ஏதென்ஸ் நகரில் பினிக்ஸ் என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நகரத்தின் மக்கள் சபை கூடிய இடம் அது. போருக்குப் போவதா, யாரோடு கூட்டுச் சேர்வது, பணத்தை எதில் செலவழிப்பது என்று எல்லாம் அங்கேதான் முடிவாகும். சில வகைத் தீர்மானங்களுக்கு 6,000 பேர் வந்திருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. கட்டியக்காரர் எழுந்து, “யார் பேச விரும்புகிறீர்கள்?” என்று கேட்பார். குடிமகனாக இருந்தால் மேடை ஏறலாம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அந்த உரிமை கிடையாது.

அரிஸ்டாட்டில் வெளியூர்க்காரர். வடக்கே ஸ்டகீரா என்ற ஊரில் கி.மு. 384இல் பிறந்தவர். இளைஞராக ஏதென்ஸ் வந்து பிளேட்டோவின் அகாடமியில் 20 ஆண்டுகள் இருந்தார். பிறகு திரும்பி வந்து கி.மு. 335 வாக்கில் லைசியம் என்ற தன் பள்ளியைத் தொடங்கினார். இரண்டையும் சேர்த்தால் 30 ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலமும் அந்தச் சபையில் ஒரு வார்த்தை பேச அவருக்கு உரிமை இல்லை. பேச்சுக்கலை பற்றி மூன்று பாகங்களில் அவர் எழுதிய நூலைப் படிக்கும்போதெல்லாம், இது மேடையைக் கீழே இருந்து பார்த்தவர் எழுதியது என்ற எண்ணம் எனக்கு வரும்.

இதழியல், காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் முதல் பருவத்திலேயே ஒரு படத்தைப் பார்ப்பார்கள்: பேசுபவர், பேச்சு, சந்தர்ப்பம், கேட்பவர், விளைவு என்று ஐந்து கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள். ‘அரிஸ்டாட்டிலின் தொடர்பியல் மாதிரி, பேசுபவரை மையமாகக் கொண்டது’ என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படத்தை அரிஸ்டாட்டில் வரையவில்லை. அவர் நூலிலிருந்து பிற்காலப் பாடநூல்கள் தொகுத்துக்கொண்டது அது. படத்தை மட்டும் பார்ப்பவர்கள், பேசுகிறவர்தான் ராஜா, கேட்கிறவர் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்பவர் என்று புரிந்துகொள்கிறார்கள். நூல் சொல்வது வேறு. பேச்சுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: பேசுபவர், பேசும் பொருள், கேட்பவர். பேச்சின் நோக்கம் மூன்றாமவரான கேட்பவரைச் சேர்ந்தது. முதல் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இது தெளிவாகவே இருக்கிறது.

அப்படியானால் ‘பேசுபவர் மையம்’ என்பது தவறா? இல்லை. பொறுப்பு முழுக்கப் பேசுபவர் தலையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உண்மையும் நீதியும் இயல்பிலேயே தங்கள் எதிர்ப்பக்கத்தைவிட வலுவானவை, அவை சபையில் தோற்றால் அவற்றுக்காகப் பேசியவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும் என்கிறார். ‘ஜனங்களுக்குப் புரியவில்லை’ என்று தப்பித்துக்கொள்ள அவர் இடம் கொடுப்பதில்லை. இந்தக் கோட்பாட்டை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுதான் காரணம்.

இனி இதை வைத்து ஒரு பேச்சைத் தயாரிப்போம். ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 48 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைநீர் சேகரிப்புக் குழி பல வருடமாகத் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாரி, மொட்டைமாடிக் குழாய்களை மாற்ற வீட்டுக்கு 5,000 ரூபாய் ஆகும். நீங்கள் சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும்.

படி 1: கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்

பாடநூல் படத்தில் விளைவு கடைசியில் இருக்கிறது. தயாரிப்பில் அதுதான் முதல். அரிஸ்டாட்டிலுக்குப் பேச்சு என்பது ஒரு தீர்ப்பை நோக்கியது. கேட்பவர் எப்போதும் ஒரு நீதிபதி. அவர் என்ன தீர்மானிக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘மழைநீர் சேகரிப்பின் அவசியம்’ என்று எழுதினால் அது கட்டுரைத் தலைப்பு. ‘அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வீட்டுக்கு 5,000 கொடுக்க இன்றே கை தூக்க வேண்டும்’ என்பது தீர்ப்பு. இந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

படி 2: எந்த வகைச் சந்தர்ப்பம்?

பேச்சு மூன்று வகை என்கிறார். சபையில் பேசுவது, வழக்கு மன்றத்தில் பேசுவது, விழாவில் பேசுவது. சபைப் பேச்சு வரப்போகும் காலத்தைப் பற்றியது. நன்மையா தீமையா என்பது அதன் கேள்வி. வழக்குப் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது. நியாயமா அநியாயமா என்று கேட்கும். விழாப் பேச்சு பெரும்பாலும் நிகழ்காலத்தில் நின்று புகழும், அல்லது இகழும்.

இது வெறும் வகைப்பாடு போலத் தெரியும். ஆனால் கூட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். குழியைத் தூர்வார வேண்டும் என்று பேச எழுந்தவர், ‘போன கமிட்டி இதைக் கவனிக்கவில்லை’ என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே அது வழக்கு மன்றம் ஆகிவிடும். போன கமிட்டியில் இருந்தவர் எழுந்து பதில் சொல்வார். அப்புறம் குழியைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. உங்கள் குறிப்புத்தாளில் ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முடிவெடுக்க வேண்டிய கூட்டத்தில் இறந்தகாலம் நிறைய இருந்தால் வெட்டுங்கள்.

படி 3: யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இரண்டாம் பாகத்தில் இளைஞர், முதியவர், நடுவயதினர் மூவரின் குணங்களையும் தனித்தனியாக வரைகிறார். இளைஞர் நம்பிக்கையில் வாழ்கிறார்கள், முதியவர் நினைவில் வாழ்கிறார்கள். உடல் 30 முதல் 35 வயதில் முதிர்ச்சி அடைகிறது, அறிவு 49 வயதளவில் என்று கணக்கும் தருகிறார். அந்த வர்ணனைகளை அப்படியே இன்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கேட்பவரை ஒரே கூட்டமாகப் பார்க்காதே என்ற எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

நம் 48 வீட்டில் சொந்தக்காரர் குடியிருப்பவை எத்தனை, வாடகைக்கு விட்டவை எத்தனை? வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு லாரித் தண்ணீர் வாங்கும் சிரமம் தெரியாது. வாடகைக்கு இருப்பவருக்குச் சிரமம் நன்றாகத் தெரியும், ஆனால் 5,000 தருவது அவர் வேலை இல்லை. முதல் மாடியில் இருப்பவருக்கு மொட்டைமாடிக் குழாய் கண்ணிலேயே படுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே ‘இவர் ஏன் வேண்டாம் என்பார்?’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

படி 4: லோகோஸ், அதாவது பேச்சுக்குள் இருக்கும் காரணம்

நம்ப வைக்கும் வழிகள் மூன்று: பேசுபவரின் குணம் வெளிப்படுவது எத்தோஸ், கேட்பவரின் உணர்ச்சி பாத்தோஸ், பேச்சின் காரண வலு லோகோஸ். சாட்சி, ஒப்பந்தம், சட்டம் போன்றவை தனி. அவை ஏற்கெனவே இருப்பவை, எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான். மேற்சொன்ன மூன்றையும் நாமே உருவாக்க வேண்டும் என்கிறார். நம் கூட்டத்தில் போர்வெல்காரர் கொடுத்த அறிக்கை ஏற்கெனவே இருக்கும் வகை. அதைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் அதுவே பேச்சு ஆகிவிடாது.

லோகோஸுக்கு அவர் தரும் முக்கியமான கருவி என்திமீம். ஒரு தர்க்கத்தின் எல்லாப் படிகளையும் சொல்லாமல், கேட்பவருக்குத் தெரிந்த படியை அவரே போட்டுக்கொள்ள விட்டுவிடுவது. அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. டோரியஸ் என்ற வீரர் பரிசாக மகுடம் பெறும் போட்டியில் வென்றார் என்று காட்ட வேண்டுமானால், ‘அவர் ஒலிம்பிக்கில் வென்றார்’ என்றால் போதும். ஒலிம்பிக்கில் பரிசு மகுடம் என்று சேர்க்கத் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

விடுபட்ட படியைக் கேட்பவர் போடும்போது அந்த முடிவு அவருடையது ஆகிவிடுகிறது. அம்புக்குறி ஒரே திசையில் போகிறது என்று படம் காட்டினாலும், என்திமீமில் பாதி வேலையைக் கேட்பவர்தான் செய்கிறார். நம் கூட்டத்தில்: “போன வருடம் மார்ச் மாதமே லாரி கூப்பிட்டோம். இந்த வருடம் மழை இன்னும் குறைவு.” இங்கே நிறுத்துங்கள். ‘ஆகவே இந்தக் கோடையில் இன்னும் சீக்கிரம் லாரி வரும்’ என்பதை அவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரு கவனம். விடுபடும் படி கேட்பவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். மழைநீர்க் குழியில் இறங்கிய தண்ணீர் நம் போர்வெல்லுக்குப் பயன்படும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டால், ‘பூமிக்குள் விட்ட தண்ணீர் பக்கத்துக் கட்டடத்துக்குத்தானே போகும்?’ என்று ஒருவர் கேட்பார். அந்தப் படியை விளக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கருவி முன்னுதாரணம். அவர் தரும் எடுத்துக்காட்டு: டயோனிசியஸ் என்பவர் தனக்கு மெய்க்காவலர் படை கேட்கிறார். ஏன் கேட்கிறார்? முன்பு ஏதென்ஸில் பெய்சிஸ்ட்ராடஸ் கேட்டார், கிடைத்ததும் கொடுங்கோலர் ஆனார். மெகாரா நகரில் தியாஜெனஸும் அப்படியே. அப்படியானால் இவரும் அதற்காகத்தான் கேட்கிறார் என்று கேட்பவர்களுக்குத் தோன்றிவிடும். இதோடு அவர் சொல்லும் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: எடுத்துக்காட்டுகளை முதலில் வைத்தால் நிறைய வேண்டும், காரணத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் வைத்தால் ஒன்றே போதும், அது சாட்சி போல நிற்கும். எனவே அடுத்த தெருக் குடியிருப்பு குழியைச் சீர்செய்து லாரிச் செலவைக் குறைத்த கதையோடு ஆரம்பிக்காதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், பிறகு அந்த ஒரு கதை.

படி 5: பாத்தோஸ்

உணர்ச்சியைத் தூண்டுவது என்றதும் கண்ணீர், ஆவேசம் என்று நினைக்கிறோம். அரிஸ்டாட்டில் இதைக் கிட்டத்தட்ட மருத்துவர் போல அணுகுகிறார். கோபம், சாந்தம், நட்பு, பயம், வெட்கம், இரக்கம், பொறாமை என்று வரிசையாக எடுத்து ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள் கேட்கிறார். எந்த மனநிலையில் இருப்பவருக்கு இது வருகிறது? யார்மீது வருகிறது? எதன்பொருட்டு வருகிறது? மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த உணர்ச்சியை உண்டாக்க முடியாது.

பயத்தைப் பாருங்கள். அழிவோ வலியோ தரக்கூடிய ஒன்று பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும்போது வருவது பயம். தொலைவில் இருப்பதற்கு யாரும் பயப்படுவதில்லை. சாவோம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது அருகில் இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை என்கிறார். ‘இன்னும் 20 வருடத்தில் நிலத்தடி நீர் வற்றிவிடும்’ என்ற எச்சரிக்கை ஏன் யாரையும் அசைப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. ‘ஏப்ரலில் காலை ஆறு மணிக்குக் குழாய் திறந்தால் காற்றுதான் வரும்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அதோடு இன்னொன்றும் சொல்கிறார். பயப்படுபவருக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். பயம் மனிதரை யோசிக்க வைக்கிறது, ஆனால் வழியே இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. பயத்தைக் காட்டிய அடுத்த வாக்கியத்திலேயே 5,000 ரூபாயில் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிடுங்கள்.

கோபம் வருவது அலட்சியப்படுத்தப்பட்டோம் என்ற எண்ணத்தால். ‘மெயின்டனன்ஸே ஒழுங்காகத் தராதவர்கள்…’ என்று ஒரு சொல் விட்டால் போதும், கூட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். மாறாக, தவறை ஒத்துக்கொள்பவரிடம் மனிதர்கள் சாந்தமாகிவிடுகிறார்கள் என்று சாந்தம் பற்றிய அத்தியாயத்தில் எழுதுகிறார். சங்கம் முன்பு செய்த வேலை ஒன்று சரியாக வரவில்லை என்றால், வேறு யாரும் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 6: எத்தோஸ்

நம்பகத்தன்மை என்றால் நாம் பதவியையும் பட்டத்தையும் நினைக்கிறோம். அரிஸ்டாட்டில் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் எண்ணத்தால் அல்ல, அந்தப் பேச்சின் மூலமே நம்பிக்கை பிறக்க வேண்டும் என்கிறார். இப்படிப் பிறக்கும் நம்பிக்கைதான் மூன்று வழிகளிலும் ஏறக்குறைய மிக வலுவானது என்றும் கருதுகிறார்.

அதற்கு மூன்று கூறுகள்: விவேகம், நல்லொழுக்கம், நல்லெண்ணம். விவேகம் இல்லாதவருக்குச் சரியான கருத்தே தோன்றாது. விவேகம் இருந்தும் ஒழுக்கம் இல்லாதவர் தெரிந்ததை மறைப்பார். இரண்டும் இருந்தும் நம்மேல் நல்லெண்ணம் இல்லாதவர், நமக்கு நல்லது எது என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிடுவார். உங்கள் குறிப்புத்தாளில் இந்த மூன்றும் எந்த வரியில் தெரிகின்றன என்று தேடுங்கள். “மூன்று பேரிடம் விலை கேட்டோம், மிகக் குறைவாகச் சொன்னவரை வேண்டாம் என்றோம், காரணம் இது” என்பதில் விவேகம் தெரிகிறது. “என் உறவினர் ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கிறார், அவரிடம் விலையே கேட்கவில்லை” என்பதில் ஒழுக்கம். “வாடகைக்கு இருப்பவர்களிடம் இந்தப் பணத்தைக் கேட்க வேண்டாம்” என்பதில் நல்லெண்ணம். ‘நான் நேர்மையானவன்’ என்று நேராகச் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

படி 7: அடுக்குவது

பேச்சுக்குக் கட்டாயமான பகுதிகள் இரண்டுதான்: விஷயத்தைச் சொல், அதை நிரூபி. வேண்டுமானால் முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து நான்கு. அவர் காலத்து ஆசிரியர்கள் பேச்சை இன்னும் பல துண்டுகளாகப் பிரித்துப் பெயர் வைத்ததை அவர் ஏற்கவில்லை. முன்னுரையை நீட்டுபவர்களைப் பற்றி அவர் சொல்வது நம் மேடைகளுக்கு நன்றாகப் பொருந்தும்: வழக்கு பலவீனமாக உள்ளவர்களே அங்கே அதிகம் தங்குகிறார்கள், விஷயத்தைத் தவிர வேறு எங்கு நின்றாலும் அவர்களுக்கு நல்லது. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும் விழாக்களில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் கூட்டத்தின் கவனம் கலைந்துவிடுகிறது, அதை மீட்பது கடினம்.

ஏதென்ஸ் வழக்கு மன்றத்தில் நேரத்தை நீர்க்கடிகாரத்தால் அளந்தார்கள். அகழாய்வில் கிடைத்த ஒரு மண்பாண்டத்தில் 6.4 லிட்டர் பிடிக்கும்; தண்ணீர் ஒழுகி முடிய சுமார் ஆறு நிமிடம். நீங்களும் ஆறு நிமிடம் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிப் பாருங்கள். நிரூபணத்துக்குப் பாதிக்கு மேல் கொடுங்கள். பொதுவாக உங்கள் காரணங்கள் முதலில், எதிர்வாதத்துக்குப் பதில் பிறகு. ஆனால் எதிர்ப்பு பல பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்தால் அதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ‘மறுபடியும் காசா?’ என்ற முணுமுணுப்போடு கூடும் கூட்டத்தில், செலவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

படி 8: சொல்லும் குரலும்

நடையின் முதல் குணம் தெளிவு. இரண்டாவது, இடத்துக்கு ஏற்ற அளவு. செய்து வைத்தது போல இல்லாமல் இயல்பாகப் பேசுவது போல இருக்க வேண்டும். அல்கிடாமஸ் என்ற பேச்சாளரின் அடைமொழிகளைப் பற்றி ஓரிடத்தில் எழுதுகிறார்: அவர் அவற்றைச் சுவைகூட்டும் பொருளாக அல்ல, உணவாகவே பரிமாறுகிறார். தாளிப்பையே சோறாகப் போட்டால் யார் சாப்பிடுவது? அடைமொழி அடுக்கும் மேடைத்தமிழில் வளர்ந்த எனக்கு இதைப் படித்தது பெரிய திருத்தமாக இருந்தது. இப்போதெல்லாம் எழுதி முடித்தபின் அடைமொழிகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கிறேன்.

குரலில் மூன்றைக் கவனிக்கச் சொல்கிறார்: அளவு, ஏற்ற இறக்கம், தாளம். கையில் மைக் இருப்பதால் முதலாவதைப் பற்றிக் கவலையில்லை. மற்ற இரண்டுக்கும், முக்கியமான எண்ணுக்கு முன் ஒரு மூச்சு நிறுத்தப் பழகினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

படி 9: படத்தில் இல்லாததைத் தயார் செய்யுங்கள்

இந்த மாதிரியைப் பற்றி வகுப்பறையில் வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் இரண்டு. கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் பதிலுக்கு அதில் கட்டம் இல்லை. நடுவில் குறுக்கிடும் இரைச்சலுக்கும் இல்லை. 1948இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் தன் தகவல் கோட்பாட்டை வெளியிட்ட பிறகுதான் இரைச்சல் தொடர்பியல் படங்களில் இடம்பிடித்தது. படத்தைப் பொறுத்தவரை இரண்டும் உண்மையான குறைகள். மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது. கூட்டத்துக்கு முன்பே இடத்தைப் போய்ப் பாருங்கள்.

ஆனால் எதிர்க்கேள்விக்கு நூலில் இடம் இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் முடிவுக்குச் சற்று முன் கேள்வி பதிலுக்கு என்றே ஓர் அத்தியாயம் வருகிறது. இரண்டு பொருள்படும் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லாதே, பிரித்து விளக்கிச் சொல் என்கிறார். உன்னை முரண்பட வைக்கும் கேள்வி என்று தெரிந்தால், அடுத்த கேள்வி வருவதற்கு முன் பதிலிலேயே விளக்கத்தையும் சேர்த்துவிடு என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மூன்று கடினமான கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று நிச்சயம் இதுவாக இருக்கும்: “போன தடவையும் இப்படித்தான் பணம் வாங்கினீர்கள், இல்லையா?” வெறும் ‘ஆமாம்’ உங்களைச் சிக்க வைக்கும், ‘இல்லை’ பொய்யாகும். “வாங்கினோம், அது மோட்டாருக்கு. அந்த ரசீது இதோ இருக்கிறது. மீதிப் பணம் இன்னும் கணக்கில் இருக்கிறது, அதைக் கழித்துத்தான் இந்த 5,000” என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ரசீதை முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.